ஊர் பேர் இல்லாத மரம்

"சார், என் சிஸ்டம் பதினாலு. அதுல வேற யாரோ உக்காந்துகினு கீறாங்க சார்."

வருஷத்துக்கு இருநூறு தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு ஹால், 58 மெஷின், எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ். ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக அக்கவுண்ட் போட்டு வைத்திருந்த காலம் அது. பதினாலில் அக்கவுண்ட் உள்ளவன் பதினைந்தில் அந்நியன். பதினாலின் பவர் சப்ளை போய்விட்டால் அன்றைக்கு அவனுக்கு லேபும் இல்லை, போன வாரம் அடித்த புரோகிராமும் இல்லை. வெயிலூர் என்று இந்த ஊருக்குச் சும்மா பட்டப்பெயர் வைக்கவில்லை. ஏப்ரல் பிறந்தால் பவர் சப்ளைகள் வரிசையாகப் படுக்கும்.

எனக்கு முதலில் தோன்றிய வைத்தியம், எல்லாருடைய ஃபைல்களையும் ஒரே சர்வரில் போட்டு, என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிரும் வசதி வழியாக எல்லா மெஷினுக்கும் காட்டிவிடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து முடித்தேன். திங்கட்கிழமை காலையில் மூன்றாம் வருஷத்துப் பெண் ஒருத்தி வந்து, "சார், என் ஃபோல்டருக்குள்ள என்னாலயே போக முடியல, பக்கத்து சீட்டுக்காரன் மட்டும் போறான்" என்றாள். பார்த்தால் அப்படியே நிஜம். லினக்ஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. அவளுக்கு ஒன்பதாவது மெஷினில் 1007. இருபதாவது மெஷினில் 1007 என்றால் வேறொருவன், ஏனென்றால் அங்கே அக்கவுண்ட் போட்ட வரிசை வேறு. நான் அமைத்த என்எஃப்எஸ் அந்த எண்ணை மட்டும்தான் பார்த்தது. 1007 வந்து கேட்கிறதா, கொடு.

அன்றைக்குத்தான் உறைத்தது. ஃபைலைப் பொதுவில் வைக்கும் முன் ஆளைப் பொதுவில் வைக்க வேண்டும். யாருக்கு என்ன எண், யாருக்கு என்ன பாஸ்வேர்டு என்பது ஒரே ஒரு பேரேட்டில் இருக்க வேண்டும். மெஷின்கள் அங்கே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பேரேட்டுக்குத்தான் டைரக்டரி சர்வர் என்று பெயர். சன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி அந்தக் காலத்தில் இப்படி 'யெல்லோ பேஜஸ்' என்று ஒன்றை வைத்திருந்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க் என்பதால் என்ஐஎஸ் ஆக மாற்றிக்கொண்டார்கள். 1988-இல் வந்த எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரநிலை யானை மாதிரி. அதன் பாரத்தைக் குறைத்து 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் மற்றவர்களும் எளிமையாக்கியதுதான் எல்டாப், டைரக்டரியிடம் கேட்டுப் பதில் வாங்கும் முறை. அதன் முதல் எழுத்தே 'லைட்வெயிட்'தான். அந்த மிச்சிகன் கோடிலிருந்து 1998-இல் கிளம்பியது ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வர். இதையே நெட்ஸ்கேப் வழியில் வந்த இன்னொரு குடும்பமும் செய்கிறது. எல்டாப் காது கொடுக்கும் போர்ட், அதாவது வாசல் எண், 389 என்பதால் அதற்கு '389 டைரக்டரி சர்வர்' என்றே பெயர். நான் ஓப்பன்எல்டாப் எடுத்தேன். டெபியனில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

2018 மே மாதம், காலேஜ் லீவில், இன்ஸ்டால் செய்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டது: அட்மின் பாஸ்வேர்டு என்ன? கொடுத்தேன். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. எல்டாப் தன் பதிவுகளை மரம் மாதிரி கிளை கிளையாக அடுக்கும். இவ்வளவுதானா என்று உள்ளே பார்த்தால், அந்த மரத்தின் வேரில் 'நோடொமைன்' என்று எழுதியிருந்தது. சர்வருக்கு முழு டொமைன் பெயர் வைக்காமல் வெறும் 'சர்வர்' என்று வைத்திருந்தேன். அதனால் ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராமான ஸ்லாப்டி தானாகவே ஊர் பேர் இல்லாத ஒரு மரத்தை நட்டுவிட்டது. டீபிகேஜி-ரீகான்ஃபிகர் என்ற கட்டளையைப் போட்டால் விரிவாகக் கேட்டு, பழையதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிதாக நட்டுத் தரும். இது தெரியாமல், வலையில் கிடைத்த ஒரு பழைய குறிப்பைப் பார்த்து கான்ஃபிக் ஃபைலைக் கையால் திருத்தி, 'செக்சம் எரர்' வாங்கி, இரண்டு நாளைத் தொலைத்தேன். இப்போது எல்டாப்பின் கான்ஃபிகரேஷனே ஒரு எல்டாப் மரம். அதை எடிட்டரில் திறந்து திருத்தக்கூடாது, எல்டாப் கட்டளையால்தான் மாற்ற வேண்டும். பாம்பின் வாலை அதன் வாயிலேயே திணித்த மாதிரி இருக்கும், பழகிவிட்டால் சரி.

இதற்கப்புறம் நான் செய்த தப்புக்கு இரண்டு நாள் போதவில்லை, ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

எல்டாப்பில் ஒவ்வொருவருக்கும் டிஎன் என்று ஒரு முழு விலாசம் உண்டு: இன்னார், இந்தக் கிளை, இந்த மரம். கிளைகளை எப்படிப் பிரிப்பது என்பது நம் இஷ்டம். பழைய எக்ஸ்.500 விளக்கங்களைப் படித்தால் நாடு, மாநிலம், ஊர் என்று வரைபடம் மாதிரி கிளை போகும். எனக்கு அது பிடித்துப்போனது. காலேஜ் ஆபீஸில் ஸ்காலர்ஷிப்புக்கு மாவட்டவாரியாக லிஸ்ட் கேட்டு உயிரை எடுப்பார்கள். மாவட்டத்துக்கு ஒரு கிளை வைத்துவிட்டால் கிளையை உலுக்கினாலே லிஸ்ட் விழுமே என்று ஒரு புத்திசாலித்தனம். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று கிளை போட்டு ஆட்களை ஏற்றினேன்.

வடாற்காட்டில் பிறந்தவன் செய்யக்கூடிய காரியமா இது? எங்கள் வீடு வாலாஜாவில். என் அப்பாவின் சான்றிதழ்களில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். 1989-இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, திருவண்ணாமலைப் பக்கத்துக்கு சம்புவராயர் பெயரும் எங்கள் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரும் வைத்தார்கள். அதனால் என் சாதிச் சான்றிதழில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. பிறகு அது வேலூர் மாவட்டம் ஆயிற்று, என் தங்கை அதில் வாங்கினாள். தாத்தா இருந்திருந்தால், 1911 வரைக்கும் இந்த மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான் என்று ஆரம்பித்திருப்பார். இத்தனைக்கும் வீடு அதே தெருவில் அதே திண்ணையோடு நிற்கிறது.

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூரை மூன்றாகப் பிரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வருஷம் முடிவதற்குள் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகள் இன்னொரு பக்கம். என் மரத்தில் எல்லாரும் வேலூர்க் கிளையில். ஆபீஸிலிருந்து புதுக் கணக்கு கேட்டார்கள். நானும் புதுக் கிளை போட்டு, ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, ராத்திரியோடு ராத்திரியாக நூற்றுச்சொச்சம் பேரை இடம் மாற்றினேன்.

மறுநாள் பாதிப் பேருக்குப் புராஜக்ட் ஃபோல்டர் திறக்கவில்லை. நான் வைத்திருந்த குழுப் பதிவுகளில் உறுப்பினர்கள் முழு விலாசத்தோடு எழுதப்பட்டிருந்தார்கள். ஆள் மாறிப் போனாலும் குழுவுக்கு அது தெரியாது. பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தபால்காரர் காலி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. இதைத் தானாகச் சரிசெய்ய 'ரெஃபின்ட்' என்று ஒரு இணைப்பு இருக்கிறது, நான் அதைப் போடவில்லை. போடாததைவிடப் பெரிய தப்பு, மாறக்கூடிய ஒன்றை விலாசத்துக்குள் வைத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் லீவில் கிளைகளை எல்லாம் வெட்டினேன். இப்போது எல்லாரும் 'பீப்பிள்' என்ற ஒரே கிளையில் வரிசையாக நிற்கிறார்கள். மாவட்டம், கோர்ஸ், வருஷம் எதுவும் விலாசத்தில் கிடையாது. லாகின் பெயர் கூட அட்மிஷன் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பெயரும் இனிஷியலும் சேர்த்து வைத்துப் பார்த்தோம், ஒரே வருஷத்தில் கே. கார்த்திக் மூன்று பேர். யுஐடி, அதாவது லினக்ஸ் ஆளை அறியும் அந்த எண்கள், 10,000-இல் தொடங்குகின்றன, மெஷின்களில் ஏற்கனவே இருக்கும் 1000 வரிசையோடு மோதக்கூடாது என்று.

குழு என்றதும் ஒன்று. வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கிண்டலாக ஒரு பட்டியல் சொல்வார்கள், சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார், பாலாறும் எப்போதாவது பெருக்கெடுத்து வாயடைக்கிறது. ஆனால் எல்டாப்பில் 'குரூப் ஆஃப் நேம்ஸ்' வகையில் உறுப்பினர் இல்லாத குழுவை வைக்கவே விடாது. கட்டாயம் ஒருவராவது வேண்டும். கடைசி ஆளை நீக்கப்போனால் பிழை எண் 65. அதனால் எங்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அதே 65 இன்னொரு இடத்திலும் வந்தது. ஆட்களைப் பதிவதற்கு எல்லாரும் எடுக்கிற வகையில் இரண்டு புலங்கள் கட்டாயம்: பெயர், சர்நேம். சர்நேம் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாது. எங்கள் பிள்ளைகளில் யாருக்கு சர்நேம்? குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் முன்னால் எழுத்தாக நிற்கும். மற்றவர்களுக்கு அப்பாவின் முதல் எழுத்துதான். முதலில் அந்த ஓர் எழுத்தையே சர்நேமில் போட்டு ஓட்டினேன். 'எம்' குடும்பம், 'ஆர்' குடும்பம் என்று ஊரே இரண்டு மூன்று வம்சமாகிவிட்டது.

அட்மிஷன் நேரத்தில் பெயர் சரிபார்க்க ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவேன். அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், பார்த்துவிட்டு நகராமல் நின்றான்.

"இன்னாப்பா, தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல சார். இந்த எழுத்து... அம்மா பேரு போடலாமா சார்?"

"சர்ட்டிபிகேட்ல என்ன இருக்கு?"

"சர்ட்டிபிகேட்ல அவர் பேருதான் சார் கீது. இதுல மட்டும்."

நான் விசாரிக்கவில்லை. எல்டாப்புக்கு அந்தப் புலம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கவலை. உள்ளே என்ன இருந்தாலும் அது கேட்காது. அம்மா பெயரின் எழுத்தைப் போட்டேன். அன்றைக்குச் சாயந்தரம் ஸ்கிரிப்டையே மாற்றி, யாராவது வேறு சொன்னாலொழிய சர்நேமிலும் அவரவர் பெயரே திரும்ப விழுகிற மாதிரி செய்துவிட்டேன். தலைப்பெழுத்து சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

பெயர்களைத் தமிழிலும் வைத்திருக்கிறேன். எந்த மொழி எழுத்தையும் எழுத வழிசெய்யும் யுடிஎஃப்-8 முறையை எல்டாப் ஏற்கும், பிரச்சினையில்லை. ஆனால் கமாண்ட் லைனில் தேடினால் தமிழ்ப் பெயர் தமிழாக வராது, பேஸ்64 என்ற குறியீட்டில் வரும், புலத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளிக்கு (:) பதிலாக இரண்டு (::) போட்டு. முதல் தடவை டேட்டா கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். பிறகு பார்த்தால் ஒரு வேடிக்கை. அத்தனை தமிழ்ப் பெயர்களும் '4', 'கே', '6' என்றுதான் தொடங்குகின்றன. அகிலாவானாலும் ஹரிணியானாலும் அதே 4கே6. யூனிகோடில் தமிழ்ச் சொல்லின் முதலில் வரக்கூடிய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே என்பதால் இப்படி. அந்த எழுத்துகளைக் கண்டாலே இப்போது நம்மாள் என்று தெரிந்துவிடுகிறது.

ஆபீஸிலிருந்து வரும் எக்செல் ஷீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: பதிவு ஏற்றும் எல்டிஃப் ஃபைலில் ஒரு வரி இடைவெளியில் தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று ஒட்டிக்கொள்ளும். வகைப் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருந்தால் பிழை எண் 21. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே எக்செல் கட்டங்களை நேராக்குகிற கிளார்க் இருக்கும் ஊரில், ஷீட் வந்ததும் முதலில் இடைவெளியைத் துடைக்கிற ஸ்கிரிப்ட்தான் ஓட வேண்டும்.

சர்வர் தயார். இனி மெஷின்கள் அதைக் கேட்க வேண்டும். இங்கே இரண்டு கேள்விகள் தனித்தனி என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. இவர் யார், எண் என்ன, ஹோம் ஃபோல்டர் எங்கே என்று கேட்பது லினக்ஸில் என்எஸ்எஸ் என்ற பகுதி. இவரை உள்ளே விடலாமா என்று கேட்பது பாம் (PAM) என்ற இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவில் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை நின்று சர்வரோடு பேசுகிறது. சர்வர் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கும், மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. மெஷின் அந்தப் பையனின் விலாசத்தையும் அவன் அடித்த பாஸ்வேர்டையும் கொண்டுபோய் அவனாகவே சர்வரில் நுழையப் பார்க்கிறது. கதவு திறந்தால் சரி, பிழை எண் 49 என்று வந்தால் தப்பு. சேமித்து வைத்த பாஸ்வேர்டு சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை.

பையன் அடித்தது மட்டும் வயரில் போகிறதே, அதனால் எஸ்எஸ்எஸ்டி ஒரு பிடிவாதம் பிடிக்கும். வயரில் போவதை மறைக்கும் டிஎல்எஸ் பாதுகாப்பு இல்லாமல் பாஸ்வேர்டை அனுப்பவே அனுப்பாது. பெயர் தேடினால் வருகிறது, எண் சரியாக வருகிறது, லாகின் மட்டும் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிஎல்எஸ்ஸுக்கு சர்வரிடம் அடையாளச் சான்றாக ஒரு சர்ட்டிபிகேட் இருக்க வேண்டும். காலேஜுக்கு உள்ளே மட்டும் ஓடும் சர்வருக்குக் காசு கொடுத்து சர்ட்டிபிகேட் வாங்குவானேன் என்று சர்ட்டிபிகேட் தர நானே ஒரு அத்தாரிட்டி உண்டாக்கி, நானே கையெழுத்துப் போட்டு, பத்து வருஷத்துக்கு ஒன்று தயாரித்தேன். அதை ஏற்றப்போனால் பிழை எண் 80, 'வேறு ஏதோ கோளாறு' என்ற பொருளில். விளக்கம் அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால் ஸ்லாப்டி 'ஓப்பன்எல்டாப்' என்ற தனி யூசராக ஓடுகிறது, நான் வைத்த சர்ட்டிபிகேட்டின் ரகசியக் கீ ஃபைலைப் படிக்க அதற்கு அனுமதி இல்லை. எஸ்எஸ்எஸ்டி இதற்கு நேர்மாறு. தன் கான்ஃபிக் ஃபைலை ரூட் என்ற தலைமை யூசரைத் தவிர வேறு யாராவது படிக்க முடிந்தால் கிளம்பவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஓர் ஓர மெஷினில் மட்டும் சிலருக்கு லாகின் ஆகிறது, சிலருக்கு ஆகவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அட்டெண்டர் அண்ணன்தான் சொன்னார்: "சார், அதுல டைமு எப்பவும் தப்பாத்தானே காட்டும்." மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி எங்கோ பழைய வருஷத்தில் நின்றிருந்தது. அந்தத் தேதியில் என் சர்ட்டிபிகேட் பிறந்திருக்கவே இல்லை, மெஷின் அதை நம்ப மறுத்தது. முன்பே அங்கே உட்கார்ந்தவர்களை எஸ்எஸ்எஸ்டி தன் ஞாபகத்திலிருந்து உள்ளே விட்டிருக்கிறது, அதனால்தான் பாதிக்குப் பாதி. பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி. மாற்றினேன், தீர்ந்தது.

அந்த ஞாபக வசதியை வேண்டுமென்றுதான் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாடல் பிராக்டிகல் அன்று கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் சர்வரின் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. மெஷின்கள் எழுந்துவிட்டன, சர்வர் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டே எழ மறுத்தது. தங்கள் வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் லாகின் ஆனார்கள், ஆனால் ஃபைல்கள் சர்வரில். இடம் மாறி உட்கார்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. எந்த மெஷினிலும் உட்காரலாம் என்று நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இருபது நிமிஷம் 60 பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மூடி உடைந்த பழைய மெஷின் ஒன்று இரண்டாவது எல்டாப் சர்வராக, முதல் சர்வரை நகலெடுத்தபடி மூலையில் ஓடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றைக்கும் கூச்சம். தொடக்கத்தில், கேட்டால் கொடுக்கலாமே என்று போன் நம்பர்களையும் மரத்தில் ஏற்றியிருந்தேன். டெபியன் கொடுக்கும் முதல் அமைப்பில் பாஸ்வேர்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும், லாகின் கூட இல்லாமல், படிக்கலாம். கடைசி வருஷப் பையன் ஒருவன் தனியாக வந்து ஒற்றை வரிக் கட்டளையில் அதைக் காட்டினான். திரை நிறையப் பெண் பிள்ளைகளின் நம்பர்கள் ஓடின. அவன் காட்டினான், வேறு யாராவது பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால்? அந்த மதியமே நம்பர்களை முழுக்க நீக்கிவிட்டேன். அனுமதி விதிகளை இறுக்கியது அதற்கப்புறம்தான். லாகினுக்குத் தேவையில்லாதது மரத்தில் எதற்கு? ஆபீஸில் கேட்டால் அவர்கள் ஷீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

போன மாதம் லேப் பீரோவைச் சுத்தம் செய்தபோது, கதவின் உள்பக்கம் நான் மார்க்கரில் எழுதி வைத்திருந்ததை அட்டெண்டர் அண்ணன் படித்தார்: 'சர்ட்டிபிகேட் முடிவு, 2028 மே.'

"யார் சர்ட்டிபிகேட் சார் இது?"

"சர்வரோடதுண்ணே."

"அதுக்குமா? தாசில்தார் ஆபீஸ்ல குடுத்தாங்களா?"

"இல்லண்ணே, நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது செல்லுமா சார்?"

"இந்த ரெண்டு ஹாலுக்குள்ள செல்லும்ணே."